ஒப்பந்தம் முறிந்த நாளின் விலை

ஒப்பந்தம் எழுதும் நாளில் நம் சங்கங்களில் காணப்படும் கவனம், அது முறியும் நாளில் காணப்படுவதில்லை. முத்திரைத்தாள் வாங்குகிறோம், ஷரத்துகளை வரிசையாக எழுதுகிறோம், “தவறினால் இவ்வளவு அபராதம்” என்னும் கடைசி ஷரத்தின் கீழ்க் கையொப்பம் விழுந்ததும் நிம்மதி அடைந்துவிடுகிறோம். பின்னர் வியாபாரி சரக்கை ஏற்க மறுத்தால், அந்த ஷரத்தை எடுத்துக் காட்டினாலே போதும் என்பது நம்மவர்களின் நம்பிக்கை. சட்டம் அந்த நம்பிக்கைக்கு இடங்கொடுக்கவில்லை.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, இரு தரப்பாரும் சொன்னதைச் செய்து முடித்தால் ஒப்பந்தம் தீர்ந்தது. இருவரும் இசைந்து அதைக் கைவிட்டாலும் தீரும். பிறகு எழுந்த தடையுத்தரவு போன்றவற்றால் நிறைவேற்றவே இயலாது போனாலும் தீரும். நூல் விலை ஏறிவிட்டது என்பது மட்டும் அத்தகைய இயலாமை ஆகாது. இவற்றால் பெரிய சச்சரவு எழுவதில்லை. ஒருவர் சொல் தவறும்போதுதான் வழக்கு பிறக்கிறது.

அப்போது பாதிக்கப்பட்டவருக்கு 73-ஆம் பிரிவு நஷ்டஈடு தருகிறது. சரக்கு வியாபாரத்தில் அந்த நஷ்டஈட்டுக்கு அளவுகோல், ஒப்பந்த விலைக்கும் ஒப்பந்தம் மீறப்பட்ட நாளின் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசமே. அந்தச் சந்தை விலையை யார் நிரூபிப்பது? நஷ்டஈடு கேட்பவர்தாம்.

துணி வியாபாரத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1947 ஆகஸ்டில், கெஜம் ஒரு ரூபாய் வீதம் கித்தான் துணி தருவதாகவும், கான்பூரிலிருந்து கல்கத்தாவுக்கு அனுப்பிய ரெயில்வே ரசீதைக் கொடுப்பதாகவும் ஒரு வியாபாரி ஒப்புக்கொண்டார். ரெயிலில் சரக்குப் பதிவு நின்றுவிட்டது என்று கூறி, ஒப்பந்தத்தை ரத்துச் செய்து முன்பணத்தைத் திருப்பிவிட்டார். வாங்க இருந்தவர் நஷ்டஈட்டு வழக்குத் தொடுத்து, கல்கத்தாவில் அன்று நிலவிய விலைக்குச் சாட்சியம் கொடுத்தார். 1961-இல் சுப்ரீம் கோர்ட்டு என்ன சொல்லிற்று? சரக்கை ஒப்படைக்க வேண்டிய இடம் கான்பூர். அந்த நாளில் கான்பூர் விலை என்னவென்று காட்டப்படவில்லை. ஆகவே நஷ்டஈடு இல்லை. பதினான்கு ஆண்டுகள் வழக்காடியவருக்கு ஒரு விலைக்குறிப்பு இல்லாமற் போயிற்று.

கோயம்பேட்டில் ஒப்படைப்பதாகப் பேசிய காய்கறிக்குத் தாம்பரம் மார்க்கெட்டின் விலைச் சீட்டைக் காட்டினால், நமக்கும் இதே கதிதான்.

அபராத ஷரத்தின் வலிமையும் நாம் எண்ணுகிற அளவுக்கு இல்லை. 74-ஆம் பிரிவின்படி, ஷரத்தில் குறித்த தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான ஈடுதான் கிடைக்கும். இராணுவத்துக்கு உருளைக்கிழங்கும், பின்னர் கோழி, முட்டை, மீனும் தருவதாக மௌலா பக்ஷ் என்பவர் ஒப்பந்தம் செய்து, ரூ. 10,000, ரூ. 8,500 எனக் காப்புத்தொகைகள் கட்டியிருந்தார். அவர் தவணை தவறியதால் சர்க்கார் ஒப்பந்தங்களை ரத்துச் செய்து, காப்புத்தொகையையும் எடுத்துக்கொண்டது. வெளியில் என்ன விலைக்கு வாங்கினோம் என்று சர்க்கார் எளிதில் காட்டியிருக்கலாம், காட்டவில்லை. அதனால் தொகையைத் திருப்பித் தரவேண்டும் என்று 1969-இல் தீர்ப்பாயிற்று. சர்க்காருக்கே இந்த நிலை என்றால், சங்கத்தின் கணக்குப் புத்தகம் எவ்வளவு ஒழுங்காக இருக்க வேண்டும்!

பணம் செலுத்தாத வியாபாரியின் சரக்கு இன்னும் நம் கையில் இருந்தால், அதை வேறொருவருக்கு விற்று, குறைந்த தொகையை அவரிடம் கேட்கலாம். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இதில் ஒரு வேற்றுமை செய்கிறது. கீரை, வாழைப்பழம் போன்று அழுகும் பொருளை விற்க முன்னறிவிப்பு வேண்டியதில்லை. துணியை விற்பதானால், மறுவிற்பனை செய்யப்போவதாக முதலில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் விற்ற நெசவாளருக்கு நஷ்டஈடு இல்லை; ஒருவேளை இலாபம் வந்தால், அதுவும் வாங்க இருந்தவருக்கே போய்விடும். குன்றத்தூர்ச் சேலையாயினும் கைக்குட்டையாயினும் விதி ஒன்றே.

சேலையூர், செம்பாக்கம் ஏரிகளின் கீழ் இருந்த வயல்களில் பெரும்பகுதி மனைகளாகிவிட்டது. ஆதலால் நம் அங்கத்தினர்களிற் பலருக்கு இன்று பயிர் ஒப்பந்தத்தைக் காட்டிலும் நில ஒப்பந்தமே பழக்கமானது. அதில் தவணைத் தேதிதான் முக்கியம். போரூருக்கு அருகிலுள்ள செட்டியார் அகரத்து நிலம் ஒன்றுக்கு 1981-இல் விற்பனை ஒப்பந்தம் ஆயிற்று. குறித்த தேதியில் தவணை வராததால் விற்றவர்கள் அதை ரத்துச் செய்தனர். பத்திரங்களைக் காட்டாததால்தான் பணம் தரவில்லை என்பது வாங்கியவரின் வாதம். பணம் கட்டும் தேதி அதைச் சார்ந்ததன்று என்று கூறி, 2011-இல் சுப்ரீம் கோர்ட்டு ரத்தை ஏற்றது. நகரை ஒட்டிய நிலத்தின் விலை வேகமாக ஏறும் காலத்தில், காலதாமதம் பெரிதன்று என்னும் பழைய கொள்கை மறுபரிசீலனைக்கு உரியது என்றும் கருத்துரைத்தது.

விற்ற துணிக்கு வரவேண்டிய பணம் நின்றுபோனால் வேறொரு வழியும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தில், சிறு உற்பத்தியாளரின் சரக்கை விற்கும் கூட்டுறவுச் சங்கமும் சேரும். ஒப்பந்தத்தில் எவ்வளவு தவணை எழுதியிருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் அது செல்லாது. தாமதித்தால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி, மாதந்தோறும் சேர்த்துக் கணக்கிடப்படும். உத்யம் பதிவை ஒப்பந்தத்துக்கு முன்பே செய்து வைத்திருப்பது நலம். வெளி வியாபாரியிடம் இவ்வளவு சலுகை இருந்தும், அதைக் கேட்கும் சங்கங்கள் குறைவு என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஒவ்வொரு சங்கத்திலும் ஒரு விலைப் பதிவேடு வைக்க வேண்டுமென்று நாம் கோருகிறோம். சரக்கை மறுத்த நாள், ஒப்படைக்க வேண்டிய இடம், அன்று அவ்விடத்தில் அதே ரகம் விற்ற விலை, பில்லின் நகல், அனுப்பிய நோட்டீஸின் பதிவுத் தபால் ரசீது ஆகிய ஐந்தும் அதில் ஏற வேண்டும். கைத்தறித் துணிக்குத் தினசரி விலை வெளியாவதில்லை. எனவே பக்கத்துக் கடையின் பில் ஒன்றை வாங்கி ஒட்டிவைப்பதே வழி. செயலாளருக்கு வேலை மிகும் என்று சிலர் கூறலாம். முறிவு ஒன்றுக்கு ஒரு பக்கம்தான் தேவை. வழக்குத் தொடுக்கப் பொதுவாக மூன்று ஆண்டுக் காலம் உண்டு. அந்த ஒரு பக்கத்தை எழுத ஏற்ற காலமோ சரக்குத் திரும்பி வந்த அன்று மாலைதான்.