பல்லுக்கு ஒதுக்கிய பணம் எங்கே?

பல் என்றால் நமக்கு நகைப்பு. நாட்டின் வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி மேடையில் முழங்குவோர் பாலம், சாலை, மருத்துவமனை என்று அடுக்குவர். ஐந்து வயதுக் குழந்தையின் கடைவாய்ப் பல்லைப் பற்றி வாய் திறவார். திறந்தால் அவையோர் சிரிப்பர். அந்தச் சிரிப்பின் மறைவில் ஓர் அநீதி வளர்ந்து வருகிறது. அதை எடுத்துரைக்க இங்கிலாந்தைச் சான்றாகக் கொள்கிறேன். நம் நிருவாக முறைக்கு மூல அச்சாக இருந்த நாடு அது. மேலும், மக்களின் பல் நலத்தை ஊராட்சி மன்றங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் பணத்தை மட்டும் தெளிவாக ஒதுக்காவிட்டால் என்ன நேரும் என்பதை அங்கே கண்கூடாகக் காணலாம்.

2012ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2013 ஏப்ரல் முதல் இங்கிலாந்தின் ஊராட்சி மன்றங்கள் பொதுச் சுகாதாரப் பொறுப்பை ஏற்றன. பல் நலத்தை மேம்படுத்தும் பணியும் அதனோடு சேர்ந்து வந்தது. ஊரின் நிலையை ஊரார் அறிவர். ஆதலின் இது நல்ல ஏற்பாடுதானே என்று எண்ணத் தோன்றும். ஆனால், அச்சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதியைப் பாருங்கள். பல் நலத் திட்டங்களை, தான் பொருத்தமெனக் கருதும் அளவுக்கு மன்றம் நடத்த வேண்டும் என்கிறது அது. இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இத்தொடரின் இயல்பை நான் விளக்க வேண்டியதில்லை. ‘வேண்டும்’ என்று முடியும் கட்டளையை, ‘கருதும் அளவுக்கு’ என்னும் அடை விழுங்கி ஏப்பம் விட்டுவிடுகிறது. ஒன்றுமே செய்யாத மன்றமும், அதுவே பொருத்தமெனக் கருதினேன் என்று கூறித் தப்பலாமன்றோ?

இனிப் பணத்தைப் பார்ப்போம். பொதுச் சுகாதார மானியம் என்று ஒரு தொகையை நடுவண் அரசு ஆண்டுதோறும் மன்றங்களுக்கு வழங்குகிறது. புகைப்பழக்க ஒழிப்பு, போதைப்பொருள் மறுவாழ்வு, பால்வினை நோய்த் தடுப்பு, கைக்குழந்தைகளின் நலம் ஆகிய அனைத்தும் அந்த ஒரே பையிலிருந்துதான் நடைபெற வேண்டும். பல்லுக்கென்று தனி முடிச்சு அதில் இல்லை. 2015க்குப் பின் வந்த பத்தாண்டுகளில், விலைவாசி உயர்வைக் கழித்துத் தலைக்கு இவ்வளவு எனக் கணக்கிட்டால், அம்மானியம் ஏறத்தாழக் கால் பங்கு சுருங்கியது. கத்தரிக்கோலைக் கையில் எடுத்தவர் முதலில் எதை வெட்டுவார்? கூக்குரல் எழாத இடத்தைத்தான் வெட்டுவார். மூன்று வயதுக் குழந்தைக்கு வாக்குரிமை இல்லை. மனு எழுதவும் தெரியாது.

விளைவு என்ன? 2024ஆம் ஆண்டு ஆய்வின்படி இங்கிலாந்தின் ஐந்து வயதுக் குழந்தைகளில் 22.4 விழுக்காட்டினர்க்குப் பற்சொத்தை இருந்தது. மிக வறிய பகுதிகளில் அது 32.2 விழுக்காடு, வசதி மிக்க பகுதிகளில் 13.6 விழுக்காடு. ஐந்து முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகள் அங்கே மருத்துவமனையில் சேர்க்கப்படுவதற்குத் தலையாய காரணம் காய்ச்சலன்று, விபத்துமன்று. சொத்தைப் பல்லைப் பிடுங்குவதற்காகவே அவர்கள் சேர்க்கப்படுகின்றனர்! பல பற்களை ஒருசேரப் பிடுங்க வேண்டியிருப்பதால், அச்சிறு உடலுக்கு மயக்க மருந்து கொடுத்துக் கிடத்துகிறார்கள். வலியால் உறங்காத இரவுகளையும், பள்ளிக்கு வராத நாள்களையும் எந்தக் கணக்கர் எழுதி வைத்திருக்கிறார்?

இங்கேதான் இச்சிக்கலின் ஆணிவேர் இருக்கிறது. பல் சொத்தையாகாமல் தடுக்கச் செலவிட வேண்டியது ஊராட்சி மன்றம். தடுத்ததனால் மிச்சம் பெறுவதோ தேசிய மருத்துவச் சேவை. மருத்துவமனையில் மிஞ்சிய பணத்தில் ஒரு காசும் மன்றத்தின் பைக்குத் திரும்புவதில்லை. இடக்கை நட்ட மரத்தின் கனியை வலக்கை பறிக்குமானால், இடக்கை எத்தனை நாள் நீர் ஊற்றும்? மன்ற உறுப்பினர்கள் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. கணக்குப் புத்தகத்தின் அமைப்பே அவர்களைக் கஞ்சர்களாக்குகிறது என்கிறேன்.

பணம் வீணாகும் என்று வாதிடுவோர்க்கு அந்நாட்டு அரசின் பொதுச் சுகாதார நிறுவனமே 2016இல் விடையிறுத்துவிட்டது. பாலர் வகுப்பில் மேற்பார்வையோடு பல் துலக்கச் செய்யும் திட்டத்தில் இடும் ஒவ்வொரு பவுண்டும் ஐந்தாண்டுகளில் 3.06 பவுண்டாகத் திரும்பும் என அது மதிப்பிட்டது. குடிநீரில் புளோரைடு கலக்கும் திட்டத்திற்கு அம்மதிப்பு 12.71 பவுண்டு. எந்த வங்கி இத்தகைய வட்டி தரும்? ஆயினும், 1964இலேயே பர்மிங்ஹாம் நகரம் வழிகாட்டியிருந்தும், அந்நாட்டு மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்க்கே இன்றளவும் அந்நீர் கிடைக்கிறது.

ஸ்காட்லாந்தோ வேறு வழி கண்டது. 2006இல் தொடங்கிய ‘சைல்டுஸ்மைல்’ திட்டத்தை, ஊராரின் கருணைக்கு விட்டுவிடாமல், அரசு தன் நிதியிலேயே வளர்த்தது. அங்குள்ள பாலர் பள்ளிகளில் நடப்பது பெரிய வித்தையன்று. குழந்தைக்கு ஒரு தூரிகை. அதன்மேல் பட்டாணி அளவு புளோரைடு பற்பசை. நுரையைத் துப்பச் சொல்வர். நீர் விட்டுக் கொப்பளிக்க விடார், புளோரைடு பல்லில் தங்க வேண்டுமென்பதற்காக. சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். 2003இல் தொடக்கப்பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளில் வெளிப்படையான சொத்தை இல்லாதவர்கள் 45 விழுக்காட்டினர். 2020இல் அது 73.5 விழுக்காடாக உயர்ந்தது. இந்த உயர்வு முழுவதும் தூரிகையால் விளைந்தது என்று கூறுவது மிகையாகும். ஆனால் தூரிகையின் பங்கை ஆய்வாளர் எவரும் மறுக்கவில்லை.

‘பல் துலக்கி விடுவதா பள்ளியின் வேலை?’ என்று 2023இல் இங்கிலாந்தின் தலைமையாசிரியர் சங்கத்தார் கேட்டனர். நம் ஆசிரியர் அறைகளிலும் இக்கேள்வி எழும் என்பதை அறிவேன். பெற்றோரின் கடமை அது என்பதில் ஐயமில்லை. ஆனால், இரவு வேலை முடித்து விடியலில் வீடு திரும்பும் தாயிடம் கடமையைப் பற்றிச் சொற்பொழிவாற்றினால் குழந்தையின் பல் வெளுத்துவிடுமா? தகரமும் நகரமும் மேற்பல்லின் அடியை நா பொருந்தப் பிறக்கும் என்று கரும்பலகையில் எழுதும் நாம், எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்தப் பல் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் எப்படி நம் வேலை அல்லாமற் போகும்? ஆசிரியர்மேல் சுமையை ஏற்றிவிட்டுப் பணம் தராமல் நழுவுவதை நானும் எதிர்க்கிறேன். ஆள் கொடுங்கள், தூரிகை கொடுங்கள், பிறகு பள்ளியை அழையுங்கள் என்பதே நம் கோரிக்கையாக இருக்கட்டும்.

2025இல் இங்கிலாந்து அரசு சற்றே விழித்தது. வறிய பகுதிகளில் வாழும் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் 6 இலட்சம் பேர் வரை பயன்பெற, பல் துலக்கும் திட்டத்திற்கென்றே 1 கோடியே 10 இலட்சம் பவுண்டை மன்றங்களுக்கு அறிவித்தது. தலைக்கு ஏறத்தாழ 18 பவுண்டு! பற்பசை நிறுவனமான கோல்கேட் ஐந்தாண்டுகளில் 2 கோடியே 30 இலட்சம் தூரிகைகளையும் பசைகளையும் இலவசமாகத் தர முன்வந்தது. கொடையைப் பழிக்க வேண்டா. எனினும், பல்லுக்கான தனி முடிச்சு ஒருமுறை போடப்பட்டதும் செயல் நடந்தது என்பதையும், ஒரு வணிக நிறுவனத்தின் மனமாற்றத்தால் பிள்ளையின் கையிலிருக்கும் தூரிகை பறிபோகலாம் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இது அயல்நாட்டுக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. பினாங்கில் 1949இலேயே பள்ளிப் பல் தாதியர்க்குப் பயிற்சி தொடங்கிய நாடு நமது. 1957இல் ஜொகூர் பாருவின் குடிநீரில் புளோரைடு கலந்த நாடும் நமது. அவ்வளவு முந்திக்கொண்டும், 2015ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் நம் ஐந்து வயதுக் குழந்தைகளில் 71.3 விழுக்காட்டினர்க்குச் சொத்தை காணப்பட்டது. இரு நாட்டு ஆய்வுகளும் ஒரே அளவுகோலால் நடந்தவை அல்ல. என்றாலும், பத்தில் ஏழு என்பது எந்த அளவுகோலிலும் வெட்கத்திற்குரியது.

இங்கே பல் மருத்துவம் மத்திய சுகாதார அமைச்சின் பொறுப்பு. நகராண்மைக் கழகங்கள் குப்பை, வடிகால், கடை உரிமம் என்பவற்றோடு நின்றுவிடுகின்றன. பல்லையும் அவற்றிடம் தள்ளிவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை; பெயரிட்ட பணமின்றித் தள்ளினால் இங்கிலாந்தின் கதையே இங்கும் நடக்கும். 2019 முதல் இனிப்புப் பானங்களுக்கு வரி தண்டுகிறோமே, அதில் ஒரு பங்கை ‘பாலர் பல் நலம்’ என்று பெயர் எழுதி வட்டாரந்தோறும் பகிர்ந்தளித்தால் என்ன? கழகங்கள் தம் பங்குக்கு ஒன்று செய்யலாம். பாலர் பள்ளிக் கட்டடத்திற்கு ஒப்புதல் வழங்குமுன், தீயணைப்புக் கருவி இருக்கிறதா என்று கேட்பதைப் போலவே, குழந்தையின் உயரத்திற்குக் குழாயும் தொட்டியும் இருக்கின்றனவா என்றும் கேட்கட்டும். இல்லாத பள்ளிக்கு அதைக் கட்டித் தரட்டும். மக்கள் செலுத்தும் மதிப்பீட்டு வரியில் அதற்கு இடமிருக்கிறது.