நடந்து பார்த்தபின் தீர்மானியுங்கள்



ஒரு காரியம் இனிப் பயன்படாது என்று தீர்மானிக்க நமக்கு எவ்வளவு நேரம் தேவைப்படுகிறது? ஒரு கணக்குப் புத்தகமும் ஒரு மணி நேரக் கூட்டமும் பெரும்பாலும் போதுமானவையாக இருக்கின்றன. அமெரிக்காவிலுள்ள பழைய கால்வாய் ஒன்றின் வரலாறு, இந்த அவசரத்தைக் குறித்து நம்மைச் சிந்திக்கச் செய்கிறது.

அது செசபீக்–ஒஹையோ கால்வாய். 1828 ஜூலை 4 அன்று தொடங்கிய அதன் வேலை, 1850-ல் மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லாந்து நகரத்தோடு நின்றுவிட்டது. ஒஹையோ நதியை எட்டவேண்டும் என்ற நோக்கம் நிறைவேறவேயில்லை. ரயில் பாதையோ எட்டு ஆண்டுகளுக்கு முன்பே கம்பர்லாந்தை அடைந்திருந்தது. ஆயினும் போட்டோமாக் நதியோரமாக ஏறக்குறைய 297 கிலோமீட்டர் தூரம், 74 மதகுகளைக் கடந்து நிலக்கரிப் படகுகள் சென்றன. கரைப்பாதையில் நடந்த கோவேறு கழுதைகள் அவற்றைக் கயிற்றால் இழுத்தன. 1924-ஆம் ஆண்டின் வெள்ளத்தோடு அந்தப் போக்குவரத்து முடிவுற்றது. 1938-ல் அரசு கால்வாயை விலைக்கு வாங்கியது.

பின்பு, அதன் தடத்தில் கார்கள் செல்லும் சாலை அமைக்கும் திட்டம் எழுந்தது. 1954 ஜனவரியில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. அவர்கள் தீய எண்ணத்தோடு எழுதவில்லை. அநேகர் அந்த அழகைக் காணட்டும் என்றே விரும்பினார்கள்.

உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் ஓ. டக்ளஸ், ஒரு போதகரின் மகன், அதற்கு மறுப்புக் கடிதம் எழுதினார். வாதத்தோடு அவர் நிறுத்தவில்லை. தலையங்கம் எழுதியவர் தம்மோடு அந்தப் பாதை முழுவதும் நடந்து பார்க்கவேண்டும் என்று அழைத்தார். அழைப்பு ஏற்கப்பட்டது. மார்ச் 20 அன்று கம்பர்லாந்திலிருந்து புறப்பட்டு எட்டு நாள் நடந்தார்கள். டக்ளஸ் உட்பட 9 பேரே முழுத் தூரத்தையும் நடந்து முடித்தார்கள். ஆனால் அந்த நடைக்குப் பின் நாளிதழின் நிலைப்பாடு பெருமளவில் மாறியது. சாலை அமைக்கப்படவில்லை. 1971-ல் அந்தக் கால்வாயும் கரைப்பாதையும் தேசிய வரலாற்றுப் பூங்காவாயின.

வாதத்தில் வெல்ல முயலும்போது எதிராளியை நமக்கு முன்பாக நிறுத்துகிறோம். நடக்க அழைக்கும்போது அவரை நமக்குப் பக்கத்தில் நிறுத்துகிறோம். இருவரும் ஒரே திசையில் பார்க்கிறோம். டக்ளஸ் செய்தது அதுவே.

நெகேமியாவும் எருசலேமுக்கு வந்தவுடனே பேசத் தொடங்கவில்லை. மூன்று நாள் பொறுத்து, இராத்திரியில் சிலரோடு எழுந்து, இடிந்த அலங்கத்தைச் சுற்றிப் பார்த்தார். தம்மைச் சுமந்த மிருகத்துக்கு வழி அடைபட்ட இடம்வரை சென்றார். அதன் பிறகே மூப்பர்களிடம் வாய் திறந்தார். இடிபாட்டைக் கண்ணால் கண்டவரின் சொல்லுக்கு ஜனங்கள் செவிகொடுத்தார்கள்.

பிரியமானவர்களே, பழையது என்பதாலேயே எல்லாவற்றையும் காக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கால்வாயிலும் மீண்டும் நிலக்கரிப் படகுகள் ஓடவில்லை. அதன் பெரும்பகுதி இன்று வறண்டே கிடக்கிறது. ஆனால் கழுதைகளுக்காகப் போடப்பட்ட பாதையில் மனிதர் நடந்து இளைப்பாறுகிறார்கள். அப்படியொரு பயன் இருப்பதைக் கணக்குப் புத்தகம் காட்டியிருக்காது.

பத்துப் பேர் மட்டும் கூடும் கிளைச் சபையை மூடிவிடலாம் என்று நாம் பேசலாம். மூடவேண்டிய அவசியமும் நேரிடலாம். ஆனால் கை உயர்த்துமுன், ஒரு ஞாயிறு அங்கே சென்று அந்தப் பத்துப் பேரோடு உட்காருங்கள். ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்ட முதியவரைப் பதிவேட்டிலிருந்து நீக்குமுன், அவர் வீட்டுப் படியேறுங்கள். வழிவிலகிய வாலிபனைக் குறித்துத் தீர்ப்புச் சொல்லுமுன், அவனோடு சிறிது தூரம் நடந்து செல்லுங்கள். அதன்பின்னும் உங்கள் தீர்மானம் மாறாதிருக்கலாம். ஆனால் அது கண்டறிந்தவரின் தீர்மானமாயிருக்கும்.

இந்த வாரத்தில் நீங்கள் ஏற்கெனவே முடிவுகட்டிவிட்ட ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவரிடம் போக வேண்டிய தூரம் 297 கிலோமீட்டராய் இராது. கர்த்தர்தாமே நம் கால்களை அவ்வழியில் நடத்துவாராக. ஆமென்.