அளவறிந்து அணிவிப்போம்



2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். பயணிகள் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை.

இன்று படகுத்துறைகளில் ‘லைஃப் ஜாக்கெட்’ தருகின்றனர். ஆயினும் கைக்குக் கிட்டியதை மாட்டிக்கொள்வது போதாது. அது உடலோடு பொருந்தி நிற்றல் வேண்டும். வளரும் பிள்ளைக்குச் சட்டையைப் பெரிதாகத் தைக்கும் கணக்கு இங்கே செல்லாது.

முதலில், அங்கியில் குறித்துள்ள உடல் எடை பிள்ளைக்கு ஒத்துவருகிறதா எனப் பாருங்கள். 50 நியூட்டன் என்றிருந்தால் அது நீந்தத் தெரிந்தவர்க்கே உரியது. நீந்தத் தெரியாதவர்க்கு 100 அல்லது அதற்கு மேற்பட்டது வேண்டும். கொக்கிகளை மாட்டி, வார்களை இறுக்கியபின், பிள்ளையைக் கைகளை உயர்த்தச் சொல்லி, அங்கியின் தோள்பகுதியைப் பிடித்து மேலே இழுங்கள். காதுவரை ஏறினால் அது பெரிது. நீரில் அங்கி மிதக்கும், பிள்ளை நழுவும். சிறு குழந்தைக்குத் தலையைத் தாங்கும் கழுத்துப்பட்டையும், கால்களுக்கிடையே மாட்டும் வாரும் இன்றியமையாதவை. கிழிந்ததையும் கொக்கி உடைந்ததையும் ஏற்காதீர்கள்.

தக்க அங்கி கிடைக்கவில்லையெனில், படகில் ஏறாமல் திரும்புங்கள். பிள்ளை சற்று நேரம் அழும். சீட்டுப் பணமும் போகும். போகட்டும். குடும்பம் முழுவதும் வீடு வந்து சேர்வதே பெரிது.