பழைய கார் வாங்குங்கள். மூன்று இடங்களில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்



பணியில் இருந்தவரை மாணவர்கள் என்னிடம் இயற்பியல் சந்தேகம் கேட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகு, "சார், ஒரு பழைய கார் பார்த்திருக்கேன், வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். என்னிடம் 2012-ஆம் ஆண்டு வேகன் ஆர் ஒன்று இருக்கிறது. இரண்டாம் கையாக வாங்கியதுதான். அதைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள் போலும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட இங்கே ஒரே பதிவாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் என் கருத்து. பழைய கார் வாங்குவது கௌரவக் குறைச்சல் இல்லை. மாதம் முப்பதாயிரம் சம்பளத்தில் பன்னிரண்டாயிரம் தவணை கட்டி, புது வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவைத்து, பெட்ரோல் போடக் காசில்லாமல் பஸ்ஸில் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும், குடும்பத்தோடு குலதெய்வம் கோயிலுக்குப் போய் வரவும் இரண்டு மூன்று லட்ச ரூபாய்க்குள் ஒரு நல்ல வண்டி கிடைக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் பழைய கார் வாங்குகிறவர்கள் எதில் மிச்சம் பிடிக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். விலையில் ஐயாயிரம் குறைக்க அரை நாள் பேரம் பேசுகிறார்கள். நியாயம்தான். அதே ஆள், பரிசோதனைக்கு மெக்கானிக்கைக் கூட்டிப்போக ஆயிரம் ரூபாய் கொடுக்க யோசிக்கிறார். பெயர் மாற்றத்தை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போடுகிறார். கையில் இருந்த மொத்தப் பணத்தையும் விலையாகவே கொடுத்துவிட்டு, வண்டியைச் சரிபார்க்கக் காசில்லாமல் நிற்கிறார். பரிசோதனை, பெயர் மாற்றம், வாங்கிய பின் செய்ய வேண்டிய வேலை: இந்த மூன்றிலும் கஞ்சத்தனம் கூடவே கூடாது.

1. பரிசோதனை

விற்பவருக்கோ தரகருக்கோ வேண்டப்பட்ட மெக்கானிக் வேண்டாம். வண்டி விற்றாலும் விற்காவிட்டாலும் ஒரே கூலி வாங்குகிற உங்கள் ஆளைக் கூட்டிப் போங்கள். பகல் வெளிச்சத்தில் போங்கள். "நாங்கள் வருவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனவுடன் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் எஞ்சின் எப்படிக் கிளம்பும் என்பதை உங்களுக்குக் காட்ட அவர்களுக்கு விருப்பமில்லை என்று ஆகலாம்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். கூலன்ட்டில் எண்ணெய் மிதந்தாலோ, எஞ்சின் ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் பால் காப்பி நிறத்தில் பசை ஒட்டியிருந்தாலோ ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு உண்டு. புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பாக வந்தால் எரிபொருள் தேவைக்கு மேல் போகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே கசிகிறதோ என்று சந்தேகப்படுங்கள்.

ஓடிய கிலோமீட்டரை நம்பாதீர்கள். டிஜிட்டல் மீட்டரைக் குறைத்து வைப்பது இன்று பெரிய வித்தை இல்லை. பிரேக் பெடல் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்து, ஸ்டியரிங்கில் பளபளப்பு ஏறி, டிரைவர் சீட் அமுங்கிக் கிடக்கும் வண்டி முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்றால் கணக்கு இடிக்கிறது. சர்வீஸ் ரசீதுகளைக் கேளுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது என்று பொருள். பட்டன் தேயாமல் இருந்தாலும் வயதான டயர் வயதான டயர்தான்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று கட்டாயம் பாருங்கள். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும், அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லைப் பக்கமும் எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன என்று நாம் எல்லோரும் பார்த்தோம். அவை எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். கடைசி முழத்தில் சேற்றுக்கறை தெரியும். தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சீட்டின் அடி போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். வண்டிக்குள் வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தால் அது எதை மறைக்கிறது என்று கேளுங்கள். வயரிங்கில் தண்ணீர் போன வண்டி இன்று ஓடும், ஆறு மாதம் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும்.

2. பெயர் மாற்றம்

இந்தப் பதிவை எழுத முக்கியக் காரணமே இதுதான். வாங்குகிறவர்கள் மட்டும் அல்ல, விற்கிறவர்களும் படிக்க வேண்டும்.

என்னோடு பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் தன் காரை விற்றார். படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, வாங்குபவர் பெயரை நிரப்பாமலே கொடுத்தார். பணம் கைக்கு வந்தது, சாவி போனது, அவரும் மறந்துவிட்டார். நான்கு வருடம் கழித்து அவர் வீட்டுக்கு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. கார் எந்த ஊரில், யாரிடம் இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. வாங்கியவர் இன்னொருவருக்கு விற்று, அவர் மற்றொருவருக்கு விற்றிருக்கிறார். ஆர்.சி.யில் இருந்தது மட்டும் நம் ஆசிரியரின் பெயர். ஓய்வூதியத்தில் வாழ்கிற மனிதர், வக்கீல் ஆபீஸ் படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்.

"வித்துட்டேன்னு பத்திரம் இருக்கே சார்" என்பார்கள். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டி பலர் கைக்கு மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் மோட்டார் வாகனச் சட்டப்படி உரிமையாளர். விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு. அடிபட்டவர், யார் யாருக்கு எப்போது விற்றார்கள் என்று தேடி அலைய வேண்டியதில்லை என்பதே அதன் நியாயம். அந்த நியாயத்தில் எனக்கு மறுப்பு இல்லை. கால் உடைந்து கிடப்பவர் ஏன் அலைய வேண்டும்?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவுப்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். இது ஒன்றும் முடியாத காரியம் இல்லை.

வாங்குபவருக்கும் இதில் ஆபத்து உண்டு. வண்டியோடு இன்சூரன்ஸும் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மூன்றாம் நபருக்கான காப்பீடு சட்டப்படி உங்களோடு தொடரும். உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி, கம்பெனியில் விண்ணப்பித்து உங்கள் பெயருக்கு மாற்றினால்தான் செல்லும். அதற்கும் 14 நாள்தான். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது; அது அவரோடு போய்விடும்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள்:

ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பதோடு பொருந்துகிறதா? எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு இன்சூரன்ஸ், பதிவு செல்லுபடி, கடன் விவரம் பாருங்கள். வங்கிக் கடன் காட்டினால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். நிலுவையில் அபராதச் சலான் இருக்கிறதா என்று பாருங்கள். 15 ஆண்டை நெருங்கும் வண்டி என்றால் மறுபதிவு, எஃப்.சி., பசுமை வரி எல்லாவற்றையும் விலையோடு கூட்டுங்கள். 15 ஆண்டு கடந்த காரின் மறுபதிவுக் கட்டணம் மட்டுமே 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது.

"டில்லி வண்டி, பாதி விலை" என்று யாராவது சொன்னால் நிதானியுங்கள். அங்கே 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிக்கும் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. அதனால்தான் அங்கே விலை மலிவு. இங்கே கொண்டுவந்தால் தடையில்லாச் சான்று வேண்டும், தமிழ்நாட்டு வரி மறுபடி கட்ட வேண்டும். அந்தப் பாதி விலை பாதியாக நிற்காது.

கன்சல்டிங்கில் விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகள் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்று விதி இருக்கிறது. அங்கீகாரம் பெற்றவரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது படிவம் 29சி மூலம் பதிவு செய்தால், அடுத்தவர் பெயருக்கு மாறும்வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். சான்று இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

3. வாங்கிய பின் செய்ய வேண்டிய வேலை

கையில் மூன்று லட்சம் இருந்தால் மூன்று லட்ச ரூபாய் வண்டியைப் பார்க்காதீர்கள். இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்குள் பாருங்கள். மீதி அறுபதாயிரம் வண்டிக்கே உரியது. பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் இரண்டும் முதலில். பிறகு எஞ்சின் ஆயில், எல்லா ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில், பிரேக் பேட், பேட்டரி, தேவைப்பட்டால் டயர். சீட் கவரும் மியூசிக் சிஸ்டமும் கடைசியில்.

டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆல்டோவின் 800 சிசி எஞ்சினில் பெல்ட். கே10 எஞ்சினில் செயின். பெல்ட் எப்போது மாற்றியது என்று ரசீது இல்லாவிட்டால் மாற்றிவிடுங்கள். பல எஞ்சின்களில் ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அப்புறம் எஞ்சின் வேலைதான்.

பிறகு கோளாறு வரும். பழைய வண்டி என்றால் வரத்தான் செய்யும். அப்போது ஊகத்தில் பாகம் மாற்றாதீர்கள். செல்ஃப் எடுக்கவில்லை என்றவுடன் புது பேட்டரி வாங்குகிறார்கள். முதலில் டெர்மினலைச் சுத்தம் செய்து இறுக்குங்கள். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். நின்றிருக்கும் வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். ஓடும்போதும் 12 வோல்ட்டிலேயே நின்றால் கோளாறு ஆல்டர்னேட்டர் பக்கம். பேட்டரி மாற்றிப் பயனில்லை.

எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0171 என்று வந்தால் எரிபொருளுக்குக் காற்று அதிகம் என்று மட்டும்தான் பொருள். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று அது சொல்லாது. காற்றுக் குழாயில் சின்ன விரிசலாகக்கூட இருக்கலாம். விடை தப்பு என்று சிவப்பு மையில் சுழிப்பது சுலபம். மாணவன் எந்த வரியில் தப்பினான் என்று கண்டுபிடிப்பதுதான் ஆசிரியர் வேலை. நல்ல மெக்கானிக்கும் அப்படித்தான். அப்படி ஒருவர் கிடைத்தால் அவர் கூலியில் பேரம் பேசாதீர்கள்.

இவ்வளவு செலவா என்று சிலர் நினைக்கலாம். பரிசோதனைக் கூலி, பெயர் மாற்றச் செலவு, முதல் சர்வீஸ் எல்லாம் சேர்த்தாலும் புது வண்டியின் சில மாதத் தவணைதான் வரும். அதைக் கொடுத்தால்தான் வாங்கியது மலிவு. கொடுக்காவிட்டால் கடனை வேறு ஒருவர் தலையில், பெரும்பாலும் நமக்கு நம்பி விற்றவர் தலையில், கட்டிவிட்டு ஓட்டுகிறோம்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். இதற்கு முன் நீங்கள் விற்ற கார், பைக் எண் நினைவிருக்கிறதா? இன்றே எம்பரிவாகனில் போட்டுப் பாருங்கள். பெயரில் சில எழுத்துகள் மறைத்துத்தான் காட்டும்; ஆனாலும் உங்கள் பெயரா இல்லையா என்று தெரிந்துவிடும். இன்னும் உங்கள் பெயரிலேயே இருந்தால் வாங்கியவரைத் தேடிப் பிடியுங்கள். பிடிக்க முடியாவிட்டால், விற்பனைப் பத்திர நகலோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். ஒரு வக்கீலையும் கேளுங்கள். பார்த்தவர்கள் கீழே எழுதுங்கள். எத்தனை பேர் பெயரில் விற்ற வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியட்டும்.