மரியாதை ஆளைப் பார்த்துத்தானா?

மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகனின் வகுப்பாசிரியை கடந்த மாதம் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "ஒன்னும் அவசரம் இல்லைங்க சார், நேரம் கிடைக்கும்போது வந்துட்டுப் போங்க" என்றார். பையன் யாரையாவது அடித்துவிட்டானோ என்ற பயத்தோடுதான் தமிழ்ப்பள்ளி வாசலில் காடியை நிறுத்தினேன்.

அடிதடி எதுவும் இல்லை. பள்ளிக் கால்வாயைப் பழுதுபார்க்க வங்காளதேசத் தொழிலாளர்கள் வந்திருந்தார்கள். ஓய்வு நேரத்தில் பந்து அந்தப் பக்கம் உருண்டு போயிருக்கிறது. அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர் என்னைவிட வயதில் மூத்தவராம். அவரைப் பார்த்து என் மகன், "ஓய் பங்ளா, அம்பில் போலா!" என்று கத்தியிருக்கிறான். அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே பந்தை எடுத்துப் போட்டிருக்கிறார்.

"கெட்ட வார்த்தை இல்லைதான் சார். ஆனா இந்த அதிகாரத் தொனியை எங்கே கத்துக்கிட்டான்னுதான் எனக்குப் புரியல" என்றார் ஆசிரியை.

எனக்குப் புரிந்தது. சனிக்கிழமை இரவானால் குடும்பத்தோடு நாங்கள் போகும் உணவகத்தில், "பங்ளா, தே தாரிக் சத்து, சீக்கிரம்!" என்று நான்தான் குரல் கொடுப்பேன். எதிர் நாற்காலியில் மகன் உட்கார்ந்திருப்பான். தே தாரிக் கொண்டு வருபவர் என்னை 'போஸ்' என்பார். இத்தனை வருடத்தில் அவர் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் மகன் மரியாதை தெரிந்த பிள்ளை என்று ஊரெல்லாம் பேர். பாட்டி வந்தால் எழுந்து நின்று "வாங்க பாட்டி" என்பான். ஆசிரியரைக் கண்டால் கைகூப்பி வணக்கம் சொல்வான். வகுப்பில் நன்னெறிக் கல்வி படிக்கிறான். அதில் சொல்லித்தரும் 14 பண்புகளில் மரியாதையும் ஒன்று. பள்ளிச் சபைகூடலில் ருக்குன் நெகாராவை மனப்பாடமாகச் சொல்கிறான். 1970 ஆகஸ்ட் 31-ஆம் தேதி பிரகடனம் செய்யப்பட்ட அந்தக் கோட்பாடுகளில் ஐந்தாவது, நன்னடத்தையும் ஒழுக்கமும்.

பாடத்தில் குறை இல்லை. யாருக்கு மரியாதை தர வேண்டும் என்று ஒரு பட்டியலைத்தான் வீட்டில் நாங்கள் கற்றுக்கொடுத்திருந்தோம். பெரியவர், சொந்தக்காரர், ஆசிரியர், டாக்டர். அந்தப் பட்டியலில் இல்லாதவரிடம் எப்படி நடப்பது என்பதை அவன் என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டான்.

நம் மொழியில் 'நீ'யும் இருக்கிறது, 'நீங்க'வும் இருக்கிறது. பெரிய சொத்து அது. ஆனால் சட்டையையும் சம்பளத்தையும் பார்த்து 'நீ'யா 'நீங்க'வா என்று நாம் முடிவு செய்வதைப் பிள்ளைகள் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

மலேசியத் தமிழர்களான நமக்கு இது தெரியாமல் இருக்கவே கூடாது. என் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். துரைக்கும் கிராணிக்கும் அவர் வெறும் 'கூலி'. இன்றைக்கும் நம்மை யாராவது 'கெலிங்' என்று சொன்னால் கொதித்துப் போகிறோம், போலீஸ் புகார் வரை போகிறோம். கொதிப்பது நியாயம்தான். அதே வாயால் இன்னொரு நாட்டுத் தொழிலாளியை எப்படிக் கூப்பிடுகிறோம்?

நடந்ததை நண்பரிடம் சொன்னபோது, "அந்தக் காலம் மாதிரி ரோத்தான் இருந்தா பசங்க இப்படிப் பேசுவாங்களா?" என்றார். கட்டொழுங்கு ஆசிரியரிடம் ரோத்தான் வாங்கி வளர்ந்தவன்தான் நானும். ஆசிரியர் முன்னால் பூனை மாதிரி நிற்போம், அவர் தலை மறைந்ததும் அவருக்கே பட்டப்பெயர் வைப்போம். நாற்பது வயதில் உணவகத்தில் 'பங்ளா' என்று கத்தியது அந்த ரோத்தான் வளர்த்த ஆள்தானே?

ஆசிரியை ரோத்தானைத் தொடவில்லை. மறுநாள் மகனை அந்தத் தொழிலாளியிடம் அழைத்துப் போய் மன்னிப்புக் கேட்க வைத்து, அவர் பெயரையும் கேட்டு வரச் செய்தார். ஒரு மணி நேரம் அறிவுரை சொல்லியிருந்தாலும் இது நடந்திருக்காது.

எல்லாப் பள்ளியிலும் இப்படி நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். வகுப்பு முன்னால் 'மக்கு' என்று பெயர் வாங்கிய பிள்ளையிடம் மரியாதையை எதிர்பார்ப்பது கஷ்டம். பெற்றோர்களும் சளைத்தவர்கள் இல்லை. இரவு பத்து மணிக்குப் புலனக் குழுவில் ஆசிரியரைத் திட்டித் தீர்க்கிறோம். பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளை எல்லாவற்றையும் படிக்கிறது. காலையில் அதே பிள்ளையிடம், "டீச்சருக்கு வணக்கம் சொல்லணும், என்ன?" என்கிறோம்.

அடுத்த சனிக்கிழமை உணவகத்தில் முதல் வேலையாக அவர் பெயரைக் கேட்டேன். வாய் வரவில்லை, கூச்சமாகத்தான் இருந்தது. அவரும் ஒரு கணம் திகைத்துவிட்டுச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து, கூட்ட நெரிசலில் பழைய வார்த்தை என் நாக்கில் வந்துவிட்டது. "அப்பா, அவருக்குப் பேர் இருக்கு" என்றான் மகன்.

பிள்ளைகளுக்கு மரியாதை சொல்லிக்கொடுக்க நினைக்கும் பெற்றோருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் குடியிருப்பின் காவலாளி, பள்ளியில் கூட்டித் துடைக்கும் அம்மா, உணவு கொண்டு வந்து கொடுக்கும் தம்பி, இவர்களிடம் இன்று எப்படிப் பேசினீர்கள் என்று முதலில் யோசித்துப் பாருங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளையும் அப்படித்தான் பேசப் போகிறது.