மூட்டை தூக்கினா விமானம் தருவாங்களாம்!

மக்களே, இது கொஞ்சம் காரமான பதிவு. ஆபீஸ்ல ஆணி கம்மியா இருக்கறப்ப படிங்க.

காலேஜ் ஹாஸ்டல்ல என்கூட ஒரே ரூம்ல குப்பை கொட்டின பய ஒருத்தன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் பொட்டி தட்ட வந்தோம். அவனுக்கு மட்டும் விமானம் ஓட்டணும்னு சின்ன வயசுலேர்ந்து ஒரு கிறுக்கு. கனடா போனான். சேர்த்து வெச்ச காசு, அதுக்கு மேல கடன்னு எல்லாத்தையும் கொட்டி கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்கிட்டான். அங்கே அதுக்குக் குறைஞ்சது 200 மணி நேரம் பறந்திருக்கணும். இப்ப ஒண்டாரியோவோட வடமேற்குப் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில வேலை. சேர்ந்து பதினாலு மாசம் ஆச்சு. கம்பெனி விமானத்தை அவன் இதுவரைக்கும் ஓட்டின நேரம்: பூஜ்யம்.

அப்புறம் என்னதான்யா பண்றான்? மூட்டை தூக்குறான்.

விஷயம் தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். அந்தப் பக்கம் வடக்கே இருக்கிற பல பழங்குடி மக்களோட ஊர்களுக்கு வருஷம் முழுக்கப் போற மாதிரி ரோடே கிடையாது. ஏரியெல்லாம் உறையற குளிர்காலத்துல சில வாரங்களுக்குப் பனிச்சாலை போடுவாங்க, அவ்வளவுதான். மத்தபடி பால், மருந்து, தபால், நோயாளி எல்லாமே சின்ன விமானத்துலதான் போய் வரணும். 1947-ல முதல்முதலா பறந்த பீவர் விமானம்கூட இன்னும் பறந்துக்கிட்டிருக்கு. கோடையில சக்கரத்துக்குப் பதிலா மிதவை மாட்டி ஏரியிலேயே இறக்குவாங்க. இப்படி ஓட்டறவங்கதான் புஷ் பைலட்.

இந்த வேலைக்குப் புதுசா வர்றவனை நேரா சீட்டுல உட்கார வைக்காத கம்பெனிகள் நிறைய. முதல்ல ‘ராம்ப்’ வேலை. மைனஸ் முப்பது டிகிரியில றெக்கை மேல படிஞ்ச பனியைத் தள்ளணும், என்ஜினுக்குப் போர்வை போர்த்தணும், பெட்டிகளை எடை போட்டு ஏத்தணும், மிதவைக்குள்ள கசிஞ்ச தண்ணியை பம்ப் வெச்சு வெளியேத்தணும். ‘ஒரு வருஷம் இதைப் பண்ணு தம்பி, அப்புறம் சீட்டு’ம்பாங்க. எழுத்துல ஒண்ணும் இருக்காது, எல்லாம் வாய் வார்த்தை.

வேற கம்பெனிக்குப் போனா? அனுபவம் எத்தனை மணி நேரம்னு கேப்பாங்க. இன்ஷூரன்ஸ்காரனும் அதையேதான் கேப்பான். அமெரிக்காவுல வாடகை விமானத்துக்குக் கமாண்டரா இருக்க, தெளிவான வானிலையில பறக்கற விதிப்படியே, 500 மணி நேரம் வேணும். அலாஸ்காவும் அதுல அடக்கம். பறந்தாத்தான் மணி நேரம் ஏறும், மணி நேரம் இருந்தாத்தான் பறக்க விடுவாங்க. பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்!

இப்ப சிலர் வருவீங்க. ‘அதுல என்ன தப்பு? அடிமட்டத்துலேர்ந்து கத்துக்கறது நல்லதுதானே?’ன்னு. ஒத்துக்கறேன். எடையை எங்கே வைக்கணும், பாரம் பின்னாடி கூடினா விமானம் என்னாகும், பனி படிஞ்ச றெக்கை எவ்வளவு ஆபத்துன்னு கையால செஞ்சு கத்துக்கறது எந்த வகுப்புலயும் கிடைக்காது. ஆனா அதைக் கத்துக்க மூணு மாசம் போதாதா? பதினாலாவது மாசம் தூக்குற மூட்டை என்ன புதுசா சொல்லிக் குடுக்குது? அதுக்கு மேல நடக்கறது பயிற்சி இல்லைங்க. பறக்கற ஆசையைக் காட்டி மலிவா ஆள் பிடிக்கிற வித்தை.

இதெல்லாம் அவன் தலையெழுத்து, நமக்கென்னன்னு விட்டுடலாம். ஆனா என் கோபம் அவன் சம்பளத்தைப் பத்தி மட்டும் இல்லை. ஒரு பைலட்டுக்கு ரொம்ப முக்கியமான திறமை எது? ‘இன்னிக்குப் போக முடியாது’ன்னு சொல்றது. மேகம் இறங்குது, பனி பிடிக்கும், பாரம் ஜாஸ்தி, போக மாட்டேன். சட்டப்படி கடைசி முடிவு அவனோடதுதான். ஆனா ரெண்டு வருஷம் வரிசையில நின்னு சீட்டு வாங்கினவன், கழுத்து வரைக்கும் கடன் இருக்கறவன், பயிற்சிச் செலவுக்கு பாண்ட் வேற எழுதிக் குடுத்தவன், பின்னாடி பத்து பேர் மூட்டையோட காத்திருக்கறதைப் பாக்கறவன், அவனுக்கு அந்த வார்த்தை வாயில வருமா? ராம்ப் அவனுக்கு முதல்ல கத்துக் குடுக்கற பாடமே ‘சரிங்க சார்’தான்.

நானா கற்பனை பண்ணிச் சொல்லலை. கனடாவோட போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், 2000-லேர்ந்து 2014 வரைக்கும் நடந்த சின்ன விமான விபத்துகளை ஆராய்ஞ்சு 2019-ல அறிக்கை விட்டுச்சு. அதிக பாரம், மோசமான வானிலை, போதாத எரிபொருள்னு ஆபத்தான பழக்கங்களைச் சகஜமா ஏத்துக்கறது பெரிய காரணம்னு அதுல இருக்கு. அந்த ‘சகஜம்’ எங்கே ஆரம்பிக்குதுன்னு நினைக்கறீங்க? சரக்கு ஏத்துற இடத்துல, ‘அவன் போனானே, நீ மட்டும் ஏன் பயப்படறே’ங்கற ஒரு வரியிலதான்.

நாம பெஞ்ச்ல உக்காந்திருந்தாலும் சம்பளம் வரும். தப்பா கோட் எழுதினா பழைய வெர்ஷனுக்குத் திரும்பிடலாம். அவன் விமானத்துல பின்னாடி உக்காந்திருக்கறது டயாலிசிஸ் பண்ண ஊருக்குப் போற ஒரு பாட்டி. அங்கே ஏதுங்க பழைய வெர்ஷன்?

நான் கேக்கறது பெரிசா ஒண்ணுமில்லை. ராம்ப் வேலை எத்தனை மாசம்னு ஒப்பந்தத்துல எழுது. அந்த மாசம் முடிஞ்சா சீட்டு குடு, இல்லைன்னா முதல் நாளே உண்மையைச் சொல்லு. செஞ்ச வேலைக்கு முழுக்கூலி குடு. மூத்த பைலட் பக்கத்துல உக்கார வெச்சுக் கத்துக் குடு. ‘போக மாட்டேன்’னு சொன்னவனைத் திரும்ப மூட்டை தூக்க அனுப்பாதே.

போன வாரம் ராத்திரி பேசறப்ப அவன்கிட்ட கேட்டேன், ‘விட்டுட்டு வந்துடேன்டா, பொட்டி தட்டலாம்’னு. கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், ‘வசந்தத்துல ஏரி உருகினதும் கண்டிப்பா சீட்டுன்னு சொல்லியிருக்காங்கடா’ன்னான்.

போன வசந்தத்துலயும் இதையேதான் சொன்னான்.

டிஸ்கி: ‘ஆசைப்பட்டா கஷ்டப்படத்தான் வேணும்’னு பின்னூட்டம் போட வர்றவங்க, ஒரு நாள் அந்த விமானத்துல பின் சீட்டுல உக்காந்து பாத்துட்டு வந்து போடுங்க. மத்தவங்க வழக்கம்போல கும்மலாம் :-)