யார் கேட்டார் இந்தப் புதுமுகத்தை?

பாப்பாமோட்டையில் வயலிலிருந்து கரையேறிய விவசாயி, சேறு காய்ந்த விரலால் தம் கைப்பேசியைத் தொடுகிறார். நேற்றிருந்த பொத்தானை இன்று காணவில்லை! இரவோடிரவாகப் "புதுப்பித்தல்" நடந்துவிட்டதாம். சொல் இருந்த இடத்தில் மூன்று கோடுகள். அவற்றைத் தொட்டால்தான் மற்றவை வெளிப்படும் என்பதை அவருக்கு அறிவித்தவர் எவருமில்லை. இதனை முன்னேற்றம் என்கிறார்கள். யாருடைய முன்னேற்றம் என்று நாம் கேட்கிறோம்.

2013இல் ஆப்பிள் நிறுவனம் தன் ஐ.ஓ.எஸ். 7இல் பொத்தான்களின் விளிம்புகளைத் துடைத்தெறிந்தது. எது அழுத்துதற்குரியது, எது வெறும் எழுத்து என்ற வேறுபாடே மங்கிற்று. 2017இல் வந்த ஐபோன் எக்ஸ், முகப்புப் பொத்தானையே ஒழித்தது. 2019இல் ஆண்ட்ராய்டு 10, விரலால் இழுத்துத் தள்ளும் சைகை முறையைக் கொணர்ந்தது. கலிபோர்னியாவில் அமர்ந்து அழகு பார்ப்போருக்கு இவை அலங்காரங்கள். வங்கிக் கணக்கையும் மின்சாரக் கட்டணத்தையும் அந்தக் கண்ணாடிக்குள் தேடவேண்டியவருக்கோ, வழிமறிப்பு! உழவு இயந்திரத்தின் கிளச்சையும் பிரேக்கையும் ஆண்டுதோறும் இடம் மாற்றினால் எவர் ஏறி ஓட்டுவார்?

"பழகிக்கொள்ளுங்கள்" என்று உபதேசம் செய்கிறார்கள். (படித்த நகரத்தாரும் தடுமாறவே செய்கிறார்கள், வெளியிற் சொல்ல வெட்கம், அவ்வளவே.)

தமிழ் இருக்கிறதே என்பார்கள். எப்படி இருக்கிறது? "அமர்வு காலாவதியானது" என்கிறது திரை. அமர்ந்தவர் யார்? காலாவதியானது எது, மருந்துப் போத்தலா? ஆங்கிலச் சொல்லுக்கு அளந்த பெட்டிக்குள் நீண்ட தமிழ்ச் சொல் நுழையமாட்டாமல், பாதியில் மூன்று புள்ளிகளாய் அறுபடுகிறது. குற்றம் தமிழினுடையதன்று, பெட்டியை அளந்தவருடையது. சுண்டிக்குளியிற் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா, தட்டச்சுப் பொறியின் விசைகளைத் தமிழ் எழுத்துகளுக்கேற்ப ஒழுங்குபடுத்தித் தந்தாரே! இயந்திரம் மொழிக்கு இணங்கும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இது வெறும் வசதிக் குறைவன்று. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் தமிழனுக்கு அலுவலகக் கதவை அடைத்தது. 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியென எழுதிற்று. அந்த அலுவலகமே இன்று திரைக்குள் குடிபுகுகிறது. ஏட்டில் ஏறிய உரிமை கண்ணாடியில் வழுக்கி விழுவதா? 2022இன் எரிபொருள் நெருக்கடியில் கியூ.ஆர். குறியீடு இருந்தாற்றான் பங்கீடு என்றாயிற்று. பதியத் தெரியாதவர் தம் அடையாள அட்டை இலக்கத்தையும் வாகனத்தின் செசி இலக்கத்தையும் பிறர் கையில் ஒப்படைக்க நேர்ந்தது. அன்று பதிந்து கொடுத்த மகன் வெளிநாடு சென்றுவிட்டால் அடுத்த முறை யாரிடம் போவது?

தமிழ்ப் பொறியியலாளரே, மொழிபெயர்ப்பாளரே, உங்களில் பலர் இச்செயலிகளை ஆக்கும் இடங்களிலேயே சம்பளம் பெறுகிறீர்கள். ஒரு செயலியை வெளியிடுமுன், மாந்தை மேற்கிலே பத்து விவசாயிகளின் கையில் அதனைக் கொடுங்கள். அருகில் வாய் திறவாது இருந்து பாருங்கள். அவர்கள் விரல் தயங்கும் இடத்தைத் திருத்துங்கள். அரசாங்கத்தை நாம் கேட்பது இன்னும் எளியது: அத்திருத்தம் நடந்தேறும் வரை கமநல சேவை நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் தமிழ்க் கடதாசிப் படிவத்தை அகற்றாதீர்கள்; அதனை வாங்கும் உத்தியோகத்தரின் நாற்காலியையும் அகற்றாதீர்கள்.